நான்கு ஜாம்பவான்களை வீழ்த்திய மாணவன்!

வயது பதினேழு. சில மாதங்களுக்கு முன்பு வரை பள்ளி மாணவன். எதிரே பேட்டைப் பிடித்துக் கொண்டு நின்றவர்களோ, உலகப் புகழ் பெற்ற அமெரிக்க பேஸ்பால் வீரர்கள். அவர்களில் நான்கு பேரை அடுத்தடுத்து, பந்தைத் தொட விடாமல் வெளியேற்றினான் அந்தப் பையன். அவன் பெயர் எய்ஜி சவாமுரா. ஜப்பானில் இன்றும் பந்து எறியும் ஒவ்வொரு பள்ளி மாணவனுக்கும் தெரிந்த பெயர் அது.

இவ்வளவு சின்ன வயதில் அவனால் எப்படி முடிந்தது? நல்ல பந்து எறிபவனாக ஆவதற்கு என்ன வேண்டும்? வாருங்கள் குட்டீஸ், அவரது கதையைத் தெரிந்து கொள்வோம்.

காய்கறிக் கடைக்காரர் மகன்!

ஜப்பான் நாட்டில் மியே மாநிலத்தில் உஜியமடா என்று ஓர் ஊர். புகழ் பெற்ற இசே கோவில் இருக்கும் ஊர் இது. இப்போது இந்த ஊரின் பெயரே இசே தான். இங்கே 1917ம் ஆண்டு பிப்ரவரி 1ம் தேதி பிறந்தார் சவாமுரா. அப்பா காய்கறிக் கடை வைத்திருந்தார்.

ஜப்பானுக்கு பேஸ்பால் விளையாட்டு வந்தது 1872ல். ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர், தன் மாணவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் முளைத்ததாலோ என்னவோ, ஜப்பானில் பேஸ்பால் என்றாலே பள்ளி மாணவர்களின் விளையாட்டு என்று ஆகிவிட்டது. 1915ல் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி தொடங்கியது. 1924ல் அதற்காகவே கோஷியன் என்ற பெரிய மைதானத்தைக் கட்டினர். கோஷியன் மண்ணில் ஒரு முறையாவது விளையாடி விட வேண்டும் என்பது, அந்நாட்டுச் சிறுவர்களின் பெருங்கனவு.

சவாமுராவுக்கும் அந்தக் கனவு இருந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டு, கியோட்டோ நகரில் இருந்த வணிகப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார்.

பந்து எறிவது என்ன பெரிய வேலையா?

பேஸ்பாலை நாம் கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் புரியும். கிரிக்கெட்டில் பவுலர் ஓடி வந்து, முழங்கையை நீட்டி, பந்தைத் தரையில் குத்தி எழும்ப வைப்பார். பேஸ்பாலில் ஓட்டமே கிடையாது. மைதானத்தின் நடுவே சின்ன மண் மேடு இருக்கும். அதில் பதித்த ரப்பர் பட்டை மீது காலை ஊன்றி, மாங்காய்க்குக் கல் எறிவது போல் எறிய வேண்டும். இப்படி எறிபவர் தான் பிட்சர்.

பிட்சருக்கும் பேட்ஸ்மேன் நிற்கும் இடத்துக்கும் இடையே 18.44 மீட்டர். பந்தின் எடை ஏறத்தாழ 145 கிராம். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல் வழியாகப் பந்து போக வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஜன்னலின் அகலம் 43 செ.மீ., மட்டுமே. உயரம், பேட்ஸ்மேனின் முழங்காலில் இருந்து மார்பு வரை.

ஜன்னலுக்குள் வந்த பந்தை பேட்ஸ்மேன் அடிக்காமல் விட்டாலும் சரி, பேட்டை வீசித் தவற விட்டாலும் சரி, அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இதை, ஸ்ட்ரைக் அவுட் என்பர். ஜன்னலுக்கு வெளியே போன பந்தை பேட்ஸ்மேன் அடிக்காமல் விட்டுவிட்டால் அது பிட்சரின் தவறு. அப்படி நான்கு ஆனால், பேட்ஸ்மேன் நோகாமல் முதல் பேஸுக்கு நடந்தே போய் விடலாம்.

மணிக்கு 150 கி.மீ., வேகத்தில் வரும் பந்து, அரை நொடிக்குள் பேட்ஸ்மேனைத் தாண்டிப் போய் விடும். அடிப்பதா, விடுவதா என்று அதற்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்!

கையில் இல்லை, காலில் இருக்கிறது!

வேகமாக எறிய வேண்டும் என்றால் கையில் பலம் வேண்டும் என்று தான் நாம் நினைப்போம். உண்மை அதுவல்ல. தரையை உதைக்கும் காலில் தான் வேகம் பிறக்கிறது. அங்கிருந்து இடுப்புக்கு ஏறி, தோளுக்கு வந்து, கடைசியில் மணிக்கட்டு வழியாகப் பந்துக்குப் போகிறது. சாட்டையின் பிடியை மெல்ல அசைத்தால் நுனி சுளீரென்று பாய்கிறதே, அது போல. கால்களை மறந்து விட்டு கையை மட்டும் நம்பி எறிபவனுக்கு, சீக்கிரமே தோளும் முழங்கையும் பழுதாகி விடும்.

வலது கைக்காரரான சவாமுரா, எறியும் முன் இடது காலை வானத்தை நோக்கி உயர்த்துவார். உடம்பின் முழு எடையும் பின்னால் சாய்ந்து, பிறகு ஒரே வீச்சில் முன்னால் பாயும். அந்தப் பாய்ச்சலில் பந்து சீறிக் கொண்டு போகும். காலைத் தூக்கி நிற்கும் அந்தத் தோற்றம் தான், பிற்காலத்தில் அவரது அடையாளமாகவே ஆனது.

வேகம் மட்டும் இருந்தால் போதாது. ஒரே வேகத்தில் வரும் பந்தை, நல்ல பேட்ஸ்மேன் இரண்டு, மூன்று முறை பார்த்ததும் பழகிக் கொள்வார். அதனால், சவாமுரா இன்னொரு பந்தையும் கைவசம் வைத்திருந்தார். அதன் பெயர் டிராப். நேராக வருவது போல் வந்து, பேட்ஸ்மேன் அருகில் மளமளவென்று கீழே இறங்கி விடும். படிக்கட்டில் இறங்குவது போல் மூன்று படியாக இறங்குகிறது என்று ஜப்பானியர்கள் வியந்தனர்.

வேகப் பந்தை எதிர்பார்த்தவருக்கு டிராப். டிராப் வரும் என்று காத்திருந்தவருக்கு வேகப் பந்து. பாவம், எதிரணி மாணவர்கள் என்ன செய்வர்? பள்ளி நாட்களில் ஒரு ஆட்டத்தில் 23 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் சவாமுரா. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு ஆட்டத்தில், ஓர் அணிக்கு மொத்தம் 27 அவுட் தான். அதில் 23 என்றால் நினைத்துப் பாருங்கள்!

கோஷியன் கனவும் நிறைவேறியது. 1933ம் ஆண்டு வசந்தகாலப் போட்டி, 1934ல் வசந்தகாலம், கோடைகாலம் என மூன்று முறை அந்த மண்ணில் ஆடினார். கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. பிட்சர் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் ரன் எடுக்க வேண்டியது மொத்த அணியும் தானே!

பள்ளியா, பந்தா?

அந்த 1934ம் ஆண்டில் ஜப்பானே பரபரப்பாகி விட்டது. யோமியுரி என்ற நாளிதழின் அதிபர் மட்சுதாரோ ஷோரிகி, அமெரிக்க நட்சத்திர அணியை ஜப்பானுக்கு அழைத்தார். ஹோம் ரன் மன்னர் பேப் ரூத் வருகிறார். லூ கெரிக் வருகிறார். ஜிம்மி பாக்ஸ், சார்லி கெரிங்கர் வருகின்றனர். இவர்களோடு மோத, ஜப்பான் முழுவதும் தேடி ஒரு அணியைத் திரட்டினர். சவாமுராவுக்கும் அழைப்பு வந்தது.

ஆனால், ஒரு சிக்கல். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தொழில்முறை வீரர்களோடு விளையாடக் கூடாது என்று, 1932ல் ஜப்பான் கல்வி அமைச்சகம் விதி போட்டிருந்தது. அணியில் சேர வேண்டும் என்றால் பள்ளியை விட வேண்டும். கெயோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பும் போய் விடும்.

சவாமுரா பந்தைத் தேர்ந்தெடுத்தார். பள்ளியை விட்டு விலகினார். அந்த முடிவுக்கு, பின்னாளில் அவர் பெரிய விலை கொடுக்க நேரும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

மறக்க முடியாத நவம்பர் 20!

அமெரிக்கர்கள் வந்தனர். ஆடிய ஆட்டத்தில் எல்லாம் ஜப்பானை அடித்து நொறுக்கினர். சவாமுராவின் பந்துகளும் மற்ற ஆட்டங்களில் நன்றாக அடி வாங்கின. பள்ளியில் யாராலும் தொட முடியாத பந்தை, இவர்கள் எளிதாகப் பறக்க விட்டனர். வேறு பையனாக இருந்தால் அத்துடன் மனம் உடைந்து போயிருப்பான்.

நல்ல பிட்சருக்கு வேண்டிய இன்னொரு குணம் இங்கே தான் தெரிகிறது. மேட்டில் நிற்பவன் தனியாள். அவன் அடி வாங்குவதை மைதானமே பார்க்கும். போன பந்தை நினைத்துக் கலங்கினால், அடுத்த பந்தும் கெட்டுப் போகும். அடி வாங்கிய பந்தை அங்கேயே விட்டுவிட்டு, கையில் இருக்கும் பந்தை மட்டும் நினைக்க வேண்டும்.

1934ம் ஆண்டு நவம்பர் 20ம் தேதி. ஷிசுவோகா நகரின் குசனாகி மைதானம். மறுபடியும் மேட்டில் ஏறினார் சவாமுரா.

முதல் இன்னிங்சில் கெரிங்கர், ஸ்ட்ரைக் அவுட். அடுத்து வந்தார் பேப் ரூத். அவரும் ஸ்ட்ரைக் அவுட். இரண்டாவது இன்னிங்சில் லூ கெரிக், அவுட். ஜிம்மி பாக்ஸ், அவுட். நான்கு ஜாம்பவான்களும் வரிசையாக வெளியேறினர். பின்னாளில் அமெரிக்க பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர்கள் இந்த நால்வரும். மைதானம் அதிர்ந்தது!

ஆறு இன்னிங்ஸ் வரை அமெரிக்காவுக்கு ஒரு ரன் கூட இல்லை. ஏழாவதில், டிராப் பந்து ஒன்றைக் காத்திருந்து அடித்தார் கெரிக். அது ஹோம் ரன் ஆனது. அந்த ஒரே ரன்னில், 0 - 1 என்று ஜப்பான் தோற்றது. அன்று எட்டு இன்னிங்ஸ் எறிந்து, ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஐந்து ஹிட் மட்டுமே கொடுத்திருந்தார் சவாமுரா.

கெரிக் எப்படி அடித்தார் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். டிராப் எறியும் போதெல்லாம் சவாமுரா தன்னையறியாமல் உதட்டைச் சுழிப்பாராம். அதை அமெரிக்கர்கள் கண்டுபிடித்து விட்டனராம்! கதை உண்மையோ, இல்லையோ, அதில் உள்ள பாடம் உண்மை. எந்தப் பந்தை எறியப் போகிறோம் என்பது முகத்திலோ, கையிலோ தெரியவே கூடாது. அதனால் தான் பிட்சர்கள், எல்லாப் பந்தையும் ஒரே மாதிரி அசைவில் எறியப் பழகுகின்றனர்.

தோற்ற ஆட்டம் தான். ஆனால், ஜெயித்த ஆட்டத்தை விட அதைத் தான் ஜப்பான் இன்றும் கொண்டாடுகிறது.

புகழின் உச்சி!

அந்த அணியை அடிப்படையாகக் கொண்டு, 1934 டிசம்பரிலேயே ஜப்பானில் தொழில்முறை அணி ஒன்று உருவானது. அது தான் பிற்காலத்தில் யோமியுரி ஜயன்ட்ஸ் என்று புகழ் பெற்றது. 1935ல் அந்த அணியுடன் அமெரிக்கா சென்று, ஊர் ஊராக விளையாடினார் சவாமுரா.

ஜப்பானின் தொழில்முறை போட்டிகள் 1936ல் தொடங்கின. அந்த ஆண்டு செப்டம்பர் 25ம் தேதி, ஒசாகா டைகர்ஸ் அணிக்கு ஒரு ஹிட் கூட கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். இதை, நோ ஹிட்டர் என்பர். ஜப்பானின் தொழில்முறை ஆட்டங்களில் அது தான் முதல் நோ ஹிட்டர். நடந்த இடம், பள்ளி நாட்களில் கோப்பை நழுவிப் போன அதே கோஷியன் மைதானம்!

1937 மே மாதத்தில், இன்னொரு நோ ஹிட்டர். அந்த ஆண்டின் வசந்தகாலப் போட்டிகளில் மட்டும் 24 வெற்றி, நான்கு தோல்வி, 196 ஸ்ட்ரைக் அவுட். மிகச் சிறந்த வீரர் என்ற விருதை, ஜப்பானில் முதன் முதலாகப் பெற்றவரும் அவரே. அப்போது அவருக்கு வயது இருபது.

பந்துக்குப் பதில் வெடிகுண்டு!

அதே 1937ல் சீனா மீது ஜப்பான் முழு அளவில் போர் தொடுத்தது. இளைஞர்களை எல்லாம் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தனர். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் அந்நாளில் ராணுவ அழைப்பு தள்ளி வைக்கப்பட்டது. சவாமுரா படிப்பை விட்டவர் ஆயிற்றே! 1938 ஜனவரியில் ராணுவத்தில் சேர வேண்டியதாயிற்று.

பந்து எறிவதில் வல்லவர் என்பதால் கையெறி குண்டுகளை எறிய வைத்தனர். குண்டின் எடை, பேஸ்பாலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதைத் திரும்பத் திரும்ப எறிந்ததில், அவருடைய வலது தோள் கெட்டது. இடது கையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மலேரியாவும் வாட்டியது.

1940ல் மீண்டும் மைதானத்துக்கு வந்தார். பழைய வேகம் போய் விட்டது. காலை அவ்வளவு உயரத் தூக்க முடியவில்லை. தோளுக்கு மேலே கையை வீசி எறிந்தவர், இப்போது பக்கவாட்டில் வீசி எறிய வேண்டியிருந்தது. இனி, இவர் கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தனர்.

அந்த ஆண்டு ஜூலை 6ம் தேதி, நகோயா அணியுடன் ஆட்டம். வேகத்தை நம்பாமல், குறியை நம்பினார். பேட்ஸ்மேன் விரும்பாத இடமாகப் பார்த்துப் பார்த்துப் பந்தைப் போட்டார். ஆட்டம் முடிந்த போது, எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை. மூன்றாவது நோ ஹிட்டர்!

முதல் இரண்டையும் எறிந்த போது அவரிடம் அசுர வேகம் இருந்தது. மூன்றாவதை எறிந்த போது பழுதான தோளும், கூர்மையான குறியும், கலங்காத மனமும் தான் இருந்தன. நல்ல பிட்சர் யார் என்று கேட்டால், இந்த மூன்றாவது ஆட்டத்தைத் தான் காட்ட வேண்டும்.

கடைசிப் பயணம்!

போர் அவரை விடவில்லை. 1941ல் மறுபடியும் அழைப்பு வந்தது. இம்முறை பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு. 1943ல் திரும்பி வந்த போது, தோளில் சுத்தமாகப் பலம் இல்லை. அந்த ஆண்டு ஒரு ஆட்டத்தில் கூட வெல்ல முடியவில்லை. எந்த அணிக்குப் புகழ் சேர்த்தாரோ, அந்த அணியே 1944ல் அவரை விடுவித்தது.

அதே ஆண்டு மூன்றாவது முறையாக ராணுவம் அழைத்தது. மனைவியையும் சின்ன மகளையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். 1944ம் ஆண்டு டிசம்பர் 2ம் தேதி, அந்தக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தாக்கி மூழ்கடித்தது. சவாமுரா கடலோடு போனார். அப்போது அவருக்கு வயது 27 தான்.

பத்து ஆண்டுகளுக்கு முன், எந்த நாட்டு வீரர்களோடு பந்தால் மோதிப் புகழ் பெற்றாரோ, அந்த நாட்டின் கப்பலாலேயே உயிர் போனது. மைதானத்தில் மோதியவர்கள் ஆட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். போருக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை!

வாழும் பெயர்!

போர் முடிந்த பின், 1947ல் அவர் நினைவாக சவாமுரா விருது தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜப்பானின் தலைசிறந்த பிட்சருக்குத் தரப்படும் இந்த விருது, அவ்வளவு எளிதில் கிடைத்து விடாது. தகுதியானவர் இல்லை என்றால், அந்த ஆண்டு யாருக்குமே கிடையாது. 2019லும், 2024லும் அப்படித் தான் ஆனது. அவர் அணிந்த 14ம் எண் சட்டையை, ஜயன்ட்ஸ் அணியில் வேறு யாருக்கும் தருவதில்லை. 1959ல் ஜப்பான் பேஸ்பால் புகழ் மண்டபம் தொடங்கிய போது, முதலில் சேர்க்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

குசனாகி மைதானத்தின் வெளியே இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று பந்து எறியும் சவாமுரா. மற்றொன்று பேட் பிடித்த பேப் ரூத்!

பள்ளி பிட்சர்களின் கையைக் காக்கவும் ஜப்பான் இப்போது கவனம் எடுக்கிறது. முன்பெல்லாம் ஒரே மாணவன், தொடர்ந்து பல நாட்கள், நூற்றுக்கணக்கில் பந்து எறிவான். தோள் வலித்தாலும் சொல்ல மாட்டான். சொன்னால் கோழை என்பார்களோ என்று பயம். 2020ல் இருந்து, உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் ஒரு மாணவன் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதி வந்து விட்டது. வளரும் எலும்புக்கு ஓய்வு வேண்டும் அல்லவா?

என்ன குட்டீஸ், நல்ல பிட்சருக்கு என்ன வேண்டும் என்று இப்போது புரிகிறதா? ஊன்றிய கால், தப்பாத குறி, எதையும் காட்டிக் கொடுக்காத முகம், அடி வாங்கினாலும் அடுத்த பந்தை எறியும் துணிச்சல். வலித்தால், வலிக்கிறது என்று சொல்லும் தைரியமும் வேண்டும். பேஸ்பால் மேட்டுக்கு மட்டுமல்ல, பரீட்சை ஹாலுக்கும் இது பொருந்தும். போன தேர்வில் மார்க் குறைந்து விட்டதா? அது போன பந்து. உங்கள் கையில் இருக்கும் அடுத்த பந்தைப் பார்த்து எறியுங்கள்!